சூடு பண்ணினாலும் போகாத நஞ்சு

கேள்வி: கோழிக்கறியை மஞ்சள்தூள், கல்லுப்பு போட்டு நாலு தண்ணீரில் கழுவுகிறேன். கிருமி போய்விடுமா? (வாசகி, தேனி)

பதில்: போகாது. தெறிக்கிற தண்ணீரோடு பக்கத்தில் இருக்கும் தட்டுக்கும் தக்காளிக்கும் போய்ச் சேரும். எலும்பை ஒட்டிய சதை வரை வேகட்டும்.

கேள்வி: மதியம் வாங்கிய சிக்கன் பிரியாணியை இரவு கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணித்தான் சாப்பிட்டோம். எல்லோருக்கும் வாந்தி. கடைமேல் புகார் கொடுக்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: அதுவரை பொட்டலம் எங்கே இருந்தது? சமையல் மேடையில்தான் என்றால் கடைக்காரரை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? ‘சூடு பண்ணினால் சரியாகிவிடும்’ என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கோழிக்கறியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்ற கிருமி உயிரோடு உள்ளே போனால்தான் ஆபத்து. இன்விஏ போன்ற மரபணுக்களின் பலத்தில் அது குடல் செல்லுக்குள்ளேயே புகுந்துவிடும்; ஆனால் உள்சதை 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் செத்துப்போகும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வேறு ரகம். சமைப்பவரின் மூக்கிலிருந்தும் கைப்புண்ணிலிருந்தும் வெந்த சாப்பாட்டில் ஏறும். நஞ்சு செய்யும் மரபணு அதற்கு இருந்தால், சாப்பாடு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் நஞ்சைச் சேர்த்துவிடும். அப்புறம் அரை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் கிருமிதான் சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின், வாந்தி வரவைக்கும் நஞ்சும் அப்படித்தான். இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: ஃப்ரோசன் கோழி பாக்கெட்டின் அடியில் சிவப்பாக ஐஸ். வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். உருகித் திரும்ப உறைந்த சரக்காக இருக்கும். எங்கள் பகுதிக் கடை ஒன்றில் நான் வாங்கிய லெக் பீஸும் இதே லட்சணம்தான்: துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, உருகியதும் புளித்த வாடை. சண்டை போட்டுத்தான் காசைத் திரும்ப வாங்க முடிந்தது. உறைய வைத்தால் கிருமி பெருகாது, அவ்வளவுதான். உருகினால் மறுபடி பெருகும்.

கேள்வி: ஷவர்மா சாப்பிட்ட மகள் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ‘எங்க கடைதான்னு என்ன சாட்சி?’ என்கிறார் முதலாளி. (ஒரு தாய், விழுப்புரம்)

பதில்: விடாதீர்கள் அம்மா. பில், டிஸ்சார்ஜ் சம்மரி, மலப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் இன்றே எழுதிக் கொடுத்து, கடையில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மகளிடம் கண்ட அதே கிருமி, அதே மரபணு அமைப்போடு அங்கேயும் கிடைத்தால் முதலாளியின் பேச்சு எடுபடாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது: கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் ரூபாய் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.