அருவிக்கும் கடலுக்கும் போகிறோம், வீட்டு ஆண்கள் குடிப்பார்கள்: என்ன செய்வது?

கேள்வி: மே மாதம் வளைகுடாவிலிருந்து கொழுந்தனார் விடுமுறையில் வருகிறார். குடும்பமாகப் பதினான்கு பேர் வேன் பிடித்து, காலையில் திற்பரப்பு, மாலையில் முட்டம் என்று திட்டம். மதியம் என் கணவரும் அவருடைய தம்பிகளும் குடிப்பார்கள். சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. கணவர் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். அசம்பாவிதம் இல்லாமல் திரும்ப என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, தக்கலை

மருத்துவர் பதில்: சகோதரி, உடலுக்குக் கேடில்லாத குடி என்று ஓர் அளவே கிடையாது, உலக சுகாதார நிறுவனம் 2023-ல் இதை வெளிப்படையாகவே சொன்னது. ஆனால் உங்கள் கவலை அவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பது. அதற்கே பதில் சொல்கிறேன்.

உங்கள் திட்டத்தில் மதுவுக்குப் பிறகு கடல் வருகிறது. அதை முதலில் மாற்றுங்கள். 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். பகல் ஒரு மணிக்குக் குடித்தது இரவு ஏழுக்கு முன் உடம்பை விட்டுப் போகாது. பலருக்கு ஒன்பதும் தாண்டும். மோர், எலுமிச்சைச் சாறு, கட்டன் காப்பி, குளியல் எதுவும் இந்த நேரத்தைக் குறைக்காது. தலையில் தண்ணீர் விழுந்ததும் தெளிந்துவிட்டதாகத் தோன்றும். கால் தடுமாற்றம் அப்படியேதான் இருக்கும்.

முட்டத்துப் பாறைகளில் ஈரமும் பாசியும் உண்டு. காற்றே அடிக்காத நாளிலும், எங்கோ தெற்கே பெருங்கடலில் கிளம்பிய அலை நம் கரையில் வந்து ஏறும். மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். அலை ஏறும் அந்த நொடியில் பின்வாங்கத் தெரிய வேண்டும். குடித்தவரால் அது முடியாது. ஆகவே அருவியும் கடலும் முடியட்டும். குடித்தே தீருவோம் என்பவர்கள் வீடு திரும்பி, மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியுமாக வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளட்டும். பொது இடத்தில் குடித்து போலீஸில் மாட்டும் தொல்லையும் இல்லை, பாறையிடுக்கில் உடைந்த பாட்டில் பிறர் பிள்ளையின் காலைக் கிழிப்பதும் இல்லை.

இனி உங்கள் கணவர். இவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அவசரப் பிரிவில் நான் பணியில் இருந்த ஒரு ஞாயிறு மாலை, சுற்றுலா போன ஒருவரை மைத்துனர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மது வாடை. "போதை ஏறிவிட்டது, தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம், இப்போது எழுப்பினால் எழவில்லை" என்றார்கள். தூக்கி வந்தவர்களின் சட்டைகள் காய்ந்திருந்தன; அவருடைய சட்டையை மட்டும் பிழிந்தால் வியர்வை சொட்டும். கை சில்லென்று இருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் கண் விழித்து, மனைவி எங்கே என்று கேட்டார்.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது கல்லீரல் தன் கையிருப்பிலிருந்தும், புதிதாகச் செய்தும் ஈடுகட்டும். ஆல்கஹாலை எரிக்கும் வேலையில் இருக்கும்போது புதிதாகச் செய்வது தடைபடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இது ஆபத்து. மறுநாள் காலை வரைகூட நீடிக்கலாம். மெட்பார்மின் எடுப்பவரும் அதிகம் குடிக்கக் கூடாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாத்திரைச் சீட்டை உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். குடிப்பதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். வெறும் வயிற்றில் ஒரு மடக்குகூடக் கூடாது; படுக்கும் முன் சர்க்கரை பார்க்க வேண்டும். வியர்வை, நடுக்கம், உளறல் தெரிந்தால் போதையென்று விட்டுவிடாமல் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108.

வெயிலில் குளிர்ந்த பீர் தாகம் தீர்க்காது. சிறுநீரைக் கூட்டி உடம்பை இன்னும் வறட்டும். வேனில் கஞ்சித் தண்ணீரும் இளநீரும் இருக்கட்டும். அக்கானி, அதாவது பதநீர், மற்றவர்களுக்கு நல்லது. கணவருக்கு வேண்டாம், அதில் சர்க்கரை அதிகம்.

வேன் ஓட்டுநரை "ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்று யாரும் உபசரிக்க விடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இரவு உங்கள் வீட்டிலிருந்து பைக்கில் கிளம்பும் தம்பிகளுக்கும் இதே சட்டம்தான். அவர்கள் உங்கள் வீட்டிலேயே தூங்கட்டும்.

குடித்துத் தூங்குபவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போகும். உலுக்கியும் எழாவிட்டால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், உதடு நீலம் பாரித்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இதையெல்லாம் முதலில் கொழுந்தனாரிடம் பேசுங்கள். விமான நிலையக் கடையில் வாங்கிய ஒரு லிட்டர் பாட்டில் அவர் பெட்டியில்தான் வரும். அது ஐந்தரை குவார்ட்டர். அதை எப்போது திறப்பது என்று அவர் சொன்னால் அண்ணன் கேட்பார்.