சாட்சி சொல்ல ஒன்றுமில்லையா?

ஐயா, ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஞாயிறுதோறும் சாட்சி நேரம் உண்டு. புது வீடு, கார், மகனுக்குக் கனடா விசா என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்கிறார்கள். நாங்கள் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறோம், வாடகை வீடுதான். போன வருஷம் பட்டறையில் வேலை செய்யும் தம்பிக்கு விரல் நசுங்கி, மூன்று மாதம் வேலைக்கு வரமுடியவில்லை. சம்பளத்தை நிறுத்த மனம் வராமல் கொடுத்தோம். அதில் ஏறிய கடன் இன்னும் அடையவில்லை. 'ஆத்துமா வாழ்கிறதுபோல எல்லாவற்றிலும் வாழ வேண்டும், இல்லையென்றால் விசுவாசத்தில் குறை' என்று பிரசங்கத்தில் கேட்கும்போது தலை குனிந்துகொள்கிறேன். இப்போது பம்ப் கம்பெனி ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வரும்போல இருக்கிறது. அதற்காக ஜெபிக்கலாமா, அது பண ஆசையா?

– ஒரு சகோதரி, கோவை

அன்புள்ள சகோதரி,

நீங்கள் தலை குனிய வேண்டியதே இல்லை. முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடலாம். "பிரியமானவனே, உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்" (3 யோவான் 2). காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கம் இது. அந்தக் காலத்துக் கிரேக்கக் கடிதங்கள் இப்படி ஒரு நல்வாழ்த்தோடு ஆரம்பிப்பது வழக்கம். நம் வீடுகளில் இன்லேண்டு லெட்டரில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுவோமே, அதுபோல. அமெரிக்கப் பிரசங்கியார் ஓரல் ராபர்ட்ஸ், 1947ல் இந்த வசனம் தன் கண்ணைத் திறந்ததாகவும், அதையொட்டிப் புது பியூக் கார் ஒன்று கிடைத்ததாகவும் சாட்சி சொன்னார். விசுவாசம் இருந்தால் பணமும் சுகமும் வரும் என்கிற செழிப்பு உபதேசத்தில் இந்த வசனம் இவ்வளவு பெரிய இடம் பிடித்ததில் அவருக்குப் பங்கு உண்டு. ஒரு பெரியவர் நண்பருக்காக அன்போடு வேண்டிக்கொண்டதை எடுத்து, கஷ்டப்படுகிறவர்களை அளக்கும் கோலாக்குவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்கு ஆண்டவர் எழுதச் சொல்கிறார். அவற்றில் சிமிர்னாவையும் லவோதிக்கேயாவையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். இரண்டும் இன்றைய துருக்கியில் இருந்த ஊர்கள். லவோதிக்கேயா பணக்கார ஊர். லேவாதேவி நடந்த இடம். அங்கே கிடைத்த கறுப்பு ஆட்டு ரோமத்துக்குத் தனிப் பெயர். அந்த வட்டாரத்தில் ஒரு மருத்துவப் பள்ளியும் இருந்தது. கி.பி. 60ல் பூகம்பத்தில் ஊர் இடிந்தபோது, ரோமின் உதவி இல்லாமல் சொந்தப் பணத்திலேயே எழுந்து நின்றதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஊர்ச் சபை "எனக்கு ஒருகுறைவுமில்லை" என்று சொல்லிக்கொண்டது. நீ தரித்திரன், குருடன், நிர்வாணி என்கிறார் ஆண்டவர். என்னிடம் பொன் வாங்கு, வெண்வஸ்திரம் வாங்கு, கண்ணுக்குக் கலிக்கம் (கண்மருந்து) வாங்கிப் போடு என்கிறார். அந்த ஊர் எதையெல்லாம் வைத்துப் பெருமைப்பட்டதோ, அதையெல்லாம் தொட்டுப் பேசுகிறார் பாருங்கள்!

சிமிர்னா சபையின் தரித்திரம் அவருக்குத் தெரியும். தெரிந்தே அதை ஐசுவரியமுள்ள சபை என்கிறார். அதற்கு ஒரு கண்டிப்பு வார்த்தைகூட இல்லை. உங்கள் சபையின் சாட்சி நேரத்தில் சிமிர்னாக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவருக்கும் எழுந்து சொல்ல எதுவும் இருந்திருக்காது.

சரி, ஆர்டர் விஷயம். தாராளமாக ஜெபியுங்கள். வேலை கேட்பது பண ஆசை இல்லை. உழைத்து நேர்மையாகச் சம்பாதிக்கச் சொல்லித்தான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் பிரசங்கித்தார். ஆக்ஸ்போர்டில் இருந்த ஒரு மெதடிஸ்ட்டின் கணக்கை அவர் சொல்வார், அது அவருடைய சொந்தக் கணக்கே என்று பலரும் கருதுகிறார்கள். முதல் வருஷ வருமானம் 30 பவுண்டு. 28ல் வாழ்ந்து 2 பவுண்டை ஏழைகளுக்குக் கொடுத்தார். மறு வருஷம் வருமானம் 60. அப்போதும் 28தான் செலவு, 32 கொடுத்தார். மூன்றாம் வருஷம் 90 வந்தது, 62 கொடுத்தார். நான்காம் வருஷம் 120, கொடுத்தது 92.

கொடுத்த தொகையைவிட அந்த 28தான் என்னை இழுக்கிறது. பணம் கூடக் கூடத் தேவையும் கூடாதபடி, 'எனக்கு இவ்வளவு போதும்' என்று முன்னாலேயே கோடு போட்டுவிட்டார். 1776ல் வரி அதிகாரிகள் வெள்ளிச் சாமான் கணக்குக் கேட்டபோது, லண்டனில் இரண்டு வெள்ளி டீ ஸ்பூன், பிரிஸ்டலில் இரண்டு, சுற்றிலும் இத்தனை பேர் ரொட்டிக்கு வழியில்லாமல் இருக்கையில் இனி வாங்கவும் மாட்டேன் என்று பதில் எழுதினார். அப்போது அவருக்கு 73 வயது.

ஆர்டர் கைக்கு வருவதற்கு முன்னாலேயே நீங்களும் வீட்டுக்காரரும் ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து, உங்கள் 28 எது என்று பேசி வையுங்கள். கடன் அடைவது, பிள்ளைகள் படிப்பு, வாடகை எல்லாம் அதற்குள் இருக்கட்டும். பணம் வந்தபிறகு அந்தப் பேச்சை ஆரம்பிப்பது கஷ்டம்.

கடிதத்தில் ஒரு வரியாக நீங்கள் சொல்லிப்போன விஷயத்தில்தான் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். கடன் வாங்கி மூன்று மாதச் சம்பளம் கொடுத்திருக்கிறீர்கள். அதை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு, சாட்சி சொல்ல ஒன்றுமில்லை என்கிறீர்கள்! சபையில் எழுந்து அதைச் சொல்லச் சொல்லமாட்டேன், வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியவேண்டாம் என்பதும் ஆண்டவர் வார்த்தைதான். அடுத்த ஞாயிறு தலை நிமிர்ந்து உட்கார்ந்திருங்கள்.

அந்தத் தம்பியின் விரல் இப்போது எப்படி இருக்கிறது? மெஷினில் பழையபடி நிற்க முடிகிறதா? எழுதுங்கள்.