சட்ட ஆலோசனை: மணமுறிவுக்குப் பின்னும் இருவர் பெயரில் நிற்கும் வீடு

கேள்வி: 2004-ல் என் பெயரிலும் கணவர் பெயரிலும் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினோம். 2010-ல் விவாகரத்து. தீர்ப்பில் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்தான் குடியிருக்கிறார். இப்போது பங்கு கேட்டால், ‘காலம் கடந்துவிட்டது, தவணை கட்டியதும் நான்தான்’ என்கிறார். எனக்கு உரிமை உண்டா?

பதில்: உண்டு. விவாகரத்தால் முடிந்தது திருமணம்தான். கிரயப் பத்திரத்தில் உங்கள் பெயர் அப்படியே இருக்கிறது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மட்டும் குடியிருந்தாலும், வீடு இருவர் கைவசமும் இருப்பதாகவே சட்டம் கொள்ளும். ஆண்டுகள் ஓடியதால் மட்டும் பங்கு போய்விடாது. ஆனால், ‘உனக்கு இதில் உரிமையே கிடையாது’ என்று வெளிப்படையாக மறுத்து அவர் உங்களை ஒதுக்கியிருந்தால், நீங்கள் வழக்குப் போடுவதற்கான 12 ஆண்டுக் கெடு அன்று முதல் ஓடத் தொடங்கும். அப்படி ஏதாவது வக்கீல் நோட்டீஸ் வந்ததா என்று பழைய கோப்புகளைப் பாருங்கள். பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால் அந்த மனுவையும் வரி விடாமல் படியுங்கள். ‘ஒருவர் சொத்தில் மற்றவர் உரிமை கோரமாட்டோம்’ என்ற வாசகம் இருந்தால், எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அதைத்தான்.

தவணை வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்திரத்தில் பங்கு குறிப்பிடப்படாவிட்டால், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி, அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார் என்பதற்குச் சான்று இல்லையென்றால் சரிபாதி. முன்பணத்துக்கு உங்கள் கணக்கிலிருந்து போன தொகை, நகை விற்ற ரசீது, நீங்கள் கட்டிய தவணைகள் எல்லாவற்றையும் திரட்டுங்கள். பழைய கணக்கு விவரங்களை வங்கிகள் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை. உடனே எழுதிக் கேளுங்கள்.

பேச்சு பலிக்காவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. விவாகரத்தானவர்களின் சொத்து வழக்கையும் குடும்பநல நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. எனவே 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டப்படி, பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர் விற்பனை கோரலாம். உடனே மற்றவர், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். 2004-ல் கொடுத்த விலையில் பாதியைத் தருகிறேன் என்றால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சமரசமானால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் (ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்) அவசியம். நோட்டரி கையொப்பமிட்ட தாளால் உரிமை மாறாது. வங்கி வரைவோலை கைக்கு வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் பாக்கி இருக்கிறது. விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டி என் பெயரை நீக்க முடியுமா?

பதில்: முடியாது. கடன் ஒப்பந்தம் வங்கியோடு போட்டது. வங்கி சம்மதித்தால்தான் பெயர் நீங்கும். மற்றவரின் வருமானம் மட்டுமே கடனைத் தாங்குமா என்று பார்த்துத்தான் சம்மதிப்பார்கள். அதுவரை அவர் தவணை தவறினால் உங்களிடமும் வசூலிக்கலாம், உங்கள் கடன் மதிப்பெண்ணும் சரியும். கடனிலிருந்து பெயர் நீங்காமல் வீட்டில் உள்ள பங்கை மட்டும் எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்.