கொழும்புப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வாசிப்பில் விருப்பம் வர என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வி எனக்கு விளங்கியது இதுதான்: கொழும்பில் ஒரு தமிழ் மொழிமூலப் பாடசாலைக்குப் புதிதாகத் தமிழ் படிப்பிக்க வந்திருக்கிறீர்கள், தரம் 9, 10, 11 பிள்ளைகள் பாடநூலைத் தவிர வேறு புத்தகம் தொடுவதில்லை, தமிழ்ப் பாடம் என்றாலே கொட்டாவி, இதற்கிடையில் ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதத்துக்கு ஏதாவது செய்யச் சொல்லி அதிபர் சொல்லிவிட்டார். நானும் இதே ஊரில் தமிழ்தான் படிப்பிக்கிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

நிகழ்ச்சியைப் பிறகு பார்க்கலாம். முதலில் வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கா என்று கேட்பீர்கள். ஆமாம், அந்த வயதுக்குத்தான். சின்ன வகுப்பில் டீச்சர் கதை வாசிக்கக் கேட்ட பிள்ளைக்கு, தரம் 6 வந்ததும் அது நின்றுபோகிறது. அதற்குப் பிறகு அச்சில் வருகிற தமிழ் என்றால் பாடநூல், வினாத்தாள், டியூசன் பிரதி, அவ்வளவுதான். அப்படியிருக்க, வாசிப்பில் விருப்பம் எங்கிருந்து வரும்? ஒரு பாடவேளையில் பத்து நிமிடத்தை ஒதுக்குங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். ஆட்கள் கதைக்கிற, முதல் பக்கத்திலேயே ஏதாவது நடக்கிற கதையாக எடுங்கள். மலையையும் மழையையும் மூன்று பக்கத்துக்கு வர்ணித்துத் தொடங்குகிற கதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இப்போதைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும். முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு, புத்தகத்தை மேசையில் விட்டுவிட்டுப் போய்விடுங்கள். யாராவது ஒரு பிள்ளை இடைவேளையில் வந்து எடுத்துப் பார்க்கும், அநேகமாக நீங்கள் எதிர்பார்க்காத பிள்ளையாக இருக்கும்.

வாசித்து முடித்ததும் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். 'இக்கதை மூலம் நாம் அறிவது யாது' என்று தொடங்கினீர்களோ, அடுத்த நாள் பிள்ளைகள் கதை கேட்க மாட்டார்கள், பதிலைத் தேடிக்கொண்டிருப்பார்கள். வாசித்த புத்தகங்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வா என்பதும் அப்படித்தான், பின்னட்டையில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள், அதுகூட நன்றாக வாசிக்கிற பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத்தான்.

அப்புறம் ஒன்று, இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். கொழும்பு வகுப்பறை மற்ற ஊர் வகுப்பறை மாதிரி இல்லை. ஒரே வரிசையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, மட்டக்களப்புப் பிள்ளை, தாய் தகப்பன் ஹட்டனிலிருந்து வேலைக்கு வந்ததால் இங்கே வளர்கிற பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்து பாதிச் சிங்களம் கலந்து கதைக்கிற பிள்ளை எல்லாரும் இருப்பார்கள். இவர்களில் அநேகமாக எல்லாரும் தன் பேச்சுக்காக ஒரு தடவையாவது பகிடிக்கு ஆளானவர்கள். மலையகப் பிள்ளைகள் சிலர் தங்கள் வீட்டுத் தமிழை மறைக்கப் படுகிற பாட்டைக் கவனித்துப் பார்த்தால் கவலையாக இருக்கும். வாயைத் திறந்தால் சிரிப்பார்கள் என்ற பயத்தில் இருக்கிற பிள்ளைக்கு மொழியில் எப்படி ஆசை வரும்?

ஆனால் நம் நாட்டுக் கதைகளில் உரையாடல் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பேச்சில்தான் வரும். அதைப் பயன்படுத்துங்கள். மட்டக்களப்புக் கதை வாசிக்கும்போது உரையாடல் பகுதியை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள், தோட்டத்துக் கதை என்றால் ஹட்டன் பிள்ளையிடம். நீங்கள் எவ்வளவு முயன்றாலும் அந்த இழுவை உங்களுக்கு வராது, அதை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டு, 'நான் வாசித்தது சரியா?' என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். இத்தனை நாள் திருத்தப்பட்ட பிள்ளை அன்றைக்கு ஆசிரியரைத் திருத்தும். வகுப்பு சிரிக்கும்தான், ஆனால் அது வேறு சிரிப்பு. பரீட்சைக்கு எழுத்துத் தமிழ் வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை, தரம் 11 முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழி கட்டாயப் பாடம். ஆனாலும் தன் வீட்டுப் பேச்சு அச்சில் வருகிற அளவுக்குப் பெறுமதியானது என்று கண்ட பிள்ளை மற்றத் தமிழையும் கொஞ்சம் நட்போடுதான் பார்க்கும்.

சரி, புத்தகத்துக்கு எங்கே போவது? உங்கள் பாடசாலை நூலகத்தில் கண்ணாடி அலுமாரி இருக்கும், அதற்குப் பூட்டும் இருக்கும். பொறுப்பாசிரியரைக் குறை சொல்லாதீர்கள். வருட முடிவில் இருப்புக் கணக்கெடுப்பு வரும், ஒரு புத்தகம் குறைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், அப்படியிருந்தால் நானும் பூட்டித்தான் வைப்பேன். அதனால் பதிவேட்டில் ஏறாத புத்தகங்களாகச் சேர்த்து வகுப்பறையிலேயே ஒரு பெட்டியில் வையுங்கள். பழைய மாணவர்கள், பெற்றோர், பக்கத்து வீட்டுப் பழைய சஞ்சிகைக் கட்டு எதுவானாலும் சரி. யார் எடுத்தார்கள் என்று எழுதக்கூட வேண்டாம். சில புத்தகங்கள் திரும்பி வராது, வராவிட்டால் பரவாயில்லை, யாரோ ஒருவர் வீட்டில் ஒரு புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதென்றால் இப்போது விலைதான் பிரச்சினை. 2022 நெருக்கடியில் ரூபா விழுந்த பிறகு இந்தியாவிலிருந்து வருகிற புத்தகம் நடுத்தரக் குடும்பத்துக்கே யோசித்து வாங்குகிற பொருளாகிவிட்டது. (அந்த வருடம் மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்ததே கடதாசி இல்லாமல்தான், உங்கள் பிள்ளைகளுக்கும் ஞாபகம் இருக்கும்.) வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, 1942இல் தொடங்கிய சங்கம், தமிழ்ப் புத்தகத்துக்கு முதலில் அங்கே போங்கள். விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட இலகுவானது 'நூலகம்' என்ற பெயரில் இருக்கிற இணையத்தளம். 2005இல் தொடங்கியது, இலங்கைத் தமிழ்ப் புத்தகங்கள், சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் என்று ஏராளம், காசில்லாமல் வாசிக்கலாம். தாய் தகப்பன் படித்த பாடசாலையின் பழைய மலர் அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். தகப்பனின் பெயரோ மாமியின் கவிதையோ கிடைத்துவிட்டால் அந்தப் பிள்ளை அன்றிரவு வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டும்.

செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் நடக்கிற சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போவதென்றால் பெற்றோரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கொடுத்துவிடுகிற காசு பிள்ளையின் இஷ்டத்துக்கு. இல்லாவிட்டால் கடந்தகால வினாத்தாள் தொகுப்பும் விஞ்ஞான வழிகாட்டியும்தான் பையில் வீட்டுக்குப் போகும். பிள்ளை பேய்க்கதை வாங்கினால் வாங்கட்டும். போனில் தொடர்கதை வாசிக்கிற பெண் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள், காதல் கதைதான், வாக்கியத்துக்கு மூன்று எழுத்துப்பிழை, ஆனால் இரவிரவாக வாசிக்கிறார்கள். அதை இளக்காரமாகப் பேசாதீர்கள். வகுப்பிலேயே அதிகம் தமிழ் வாசிக்கிறவர்கள் அவர்கள்தான்.

எழுதுவதற்கு 'நான் ஒரு பேனை பேசுகிறேன்' வேண்டவே வேண்டாம். 100ஆம் இலக்க பஸ்ஸில் மிச்சக்காசுக்கு நடந்த சண்டையைக் கேட்டபடியே எழுதச் சொல்லுங்கள், சிங்களம் வந்தால் சிங்களத்தைத் தமிழ் எழுத்தில் எழுதட்டும். அதில் சிவப்புப் பேனையைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள், ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழை போதும், இந்த முறை ல, ள, ழ என்றால் அடுத்த முறை ர, ற. நல்லவற்றைச் சேர்த்துக் கையெழுத்துச் சஞ்சிகை செய்யுங்கள். ஒரே ஒரு பிரதி, ஒவ்வொரு நாளும் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். பிரதி எடுத்து எல்லாருக்கும் கொடுத்தால் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். ஒன்றே ஒன்று என்றால் சண்டை பிடித்து வாசிப்பார்கள்.

தமிழ்மொழித் தினப் போட்டிகளை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மேடை பழகுவதற்கு நல்லது. ஆனால் ஆசிரியர் எழுதிக் கொடுத்த பேச்சை வருடா வருடம் அதே ஐந்து பிள்ளைகள் மனனம் செய்து ஒப்புவிப்பதால் மற்ற முப்பது பேருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

இனி உங்கள் ஒக்டோபர் நிகழ்ச்சி. பிரதம விருந்தினர், குத்துவிளக்கு, 'வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்' என்ற பதாகை இதெல்லாம் எப்படியும் நடக்கும், தடுக்கப் பார்க்காதீர்கள். அதிபரிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: அந்த மாதம் முழுக்கக் காலைக் கூட்டத்தில் மூன்று நிமிடம். ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை, கையெழுத்துச் சஞ்சிகையிலிருந்தோ ஒரு கதையிலிருந்தோ தன் ஊர்ப் பேச்சில் ஒரு துண்டு வாசிக்க வேண்டும். போட்டியில்லை, சான்றிதழில்லை.

தரம் 11 பெற்றோர் கொஞ்சம் சத்தம் போடுவார்கள். பரீட்சை வருகிறது, நீங்கள் கதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பார்கள். பாடக்குறிப்பில் அந்தப் பத்து நிமிடத்தைக் 'கிரகித்தல்' என்று எழுதிவிடுங்கள். அது பொய்யும் இல்லை, கதையில் அடுத்து என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோகிற பிள்ளைக்கு வினாத்தாளில் வருகிற உரைப்பகுதி பெரிய வேலையாகத் தெரியாது.