சிமிழ் மூடி ஏன் இறுகுகிறது? கடைசல் கேள்வி-பதில்

பழைய வீட்டைப் பிரித்த மரத்தில் நினைவுக்காகச் சிமிழ் கடைவது பற்றிக் கேட்டவர்கள் இம்முறை அதிகம். விறகாகப் போக வேண்டிய துண்டு ஒரு வீட்டின் பூஜை அலமாரிக்குப் போகிறது என்றால் அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஐயா கட்டிய வீட்டின் இரண்டாங்கட்டை, அதாவது உள்முற்றப் பகுதியை, பிரித்துவிட்டோம். பர்மா தேக்குத் தூணின் துண்டு ஒன்று இருக்கிறது. பங்காளிகளுக்கு ஆளுக்கொரு குங்குமச் சிமிழ் கடைந்து கொடுக்க ஆசை. இத்தனை காலம் நின்ற மரம், இனிக் காய வேண்டியதில்லை அல்லவா? (தேவகோட்டை வாசகர்)

மரம் காய்ந்ததுதான். ஆனால் பருத்த தூணுக்குள் அடங்கிக் கிடந்த இறுக்கம், சிறு துண்டாக அறுத்ததும் வெளிப்படும். ஏழு செ.மீ. சதுரம், பன்னிரண்டு செ.மீ. நீளம் என்று அறுத்து, வீட்டுக்குள் நிழலில் இரண்டு மூன்று வாரம் சும்மா வையுங்கள். தூணின் நடுநெஞ்சு வரும் துண்டுகளைச் சிமிழுக்கு எடுக்காதீர்கள். இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் அங்கேதான் வெடிக்கும்.

லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், ஏற்றுமுன் காந்தத்தால் தடவிப் பாருங்கள். இரும்பு ஆணி இருந்தால் காந்தம் காட்டிக்கொடுக்கும். பித்தளை ஆணியைக் காட்டாது, அதற்குக் கண்தான் துணை. ஆணி துருப்பிடித்த இடத்தைச் சுற்றித் தேக்கு கறுத்திருக்கும். அந்தக் கறையை வெட்டி எறியச் சொல்லமாட்டேன். ஆணியைப் பிடுங்கிய பின், கறை சிமிழின் வெளிப்புறத்தில் விழும்படி துண்டைத் திருப்பி வைத்துக் கடையுங்கள். அது அந்த வீட்டின் அடையாளம்.

தேக்கில் சிலிக்கா உண்டு. அதனால் உளி சீக்கிரம் மழுங்கும். ஒரு சிமிழுக்குள் நாலைந்து தடவை சாணை பிடிக்க வேண்டியிருக்கும், சோம்பல் வேண்டாம். மேல்தோல் போய் உள்மரம் வரும்போது விழும் சுருளை விரலால் கசக்கிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் பதனிட்ட தோலின் வாடையும் வந்தால் மரத்தின் நல்ல வைரத்தை, அதாவது முற்றிய உள்மரத்தை, தொட்டுவிட்டீர்கள்.

சித்திரையில் வழுக்கிக்கொண்டு திறந்த மூடி ஐப்பசியில் திறக்கவே மறுக்கிறது. மூடியைத் தளர்த்திவிடலாமா? (காரைக்குடி வாசகி)

பொறுங்கள். இப்போது தேய்த்தால் பங்குனியில் மூடி கழன்று விழும்.

மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, குறுக்குவாக்கில்தான் அசையும். அதிலும் மரத்தின் வயது வளையத்தின் போக்கில் ஏற்படும் அசைவு, நடுநெஞ்சிலிருந்து வெளிநோக்கிய அசைவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆறு செ.மீ. குறுக்களவுள்ள தேக்குச் சிமிழில் ஈரம் மூன்று சதவீதம் கூடினாலே ஒரு பக்கம் கால் மி.மீ.க்கு மேல் விரியும், மறுபக்கம் அதில் பாதிதான் விரியும். வட்டமாகக் கடைந்தது மழைக்காலத்தில் லேசான நீள்வட்டமாகிவிடுகிறது. மூடியின் பொருத்தத்துக்கு நாம் விடும் இடைவெளியோ அதைவிடக் குறைவு.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். மூடியை மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். மூடியின் ரேகையும் அடிப்பாகத்தின் ரேகையும் ஒரே கோட்டில் சேரும் இடத்தில் பெரும்பாலும் இளகிவிடும். ஒரே துண்டில் பிறந்த இரண்டும் ஒரே திசையில்தான் நீள்கின்றன. குறுக்கே மாற்றி மூடியதால்தான் இறுகுகிறது. சேரும் இடத்தில் உள்பக்கம் சின்னப் புள்ளி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சிமிழை இரண்டு தவணையாகக் கடையுங்கள். முதல் தவணையில் சுவரை ஒரு செ.மீ. கனம் விட்டு உள்ளே குடைந்து, மூடியையும் அடியையும் பிரித்து ஒரு மாதம் வையுங்கள். அசைய வேண்டியது அசைந்து முடியட்டும். பிறகு மூடியின் உள்வாயை முதலில் முடியுங்கள். அதன் சுவர் நேராக இருக்க வேண்டும், உள்ளே போகப் போக அகலவோ குறுகவோ கூடாது. அதற்கேற்ப அடிப்பாகத்தின் கழுத்தை வெட்டுங்கள். மூடி இறுக்கமாக உட்காரும் நிலையில் இரண்டையும் சேர்த்து வெளிப்புறத்தைக் கடைந்தால் ரேகை ஒரே ஓட்டமாக வரும். கழுத்தைத் தளர்த்துவது கடைசி வேலை. 400 எண் உப்புத்தாள் இரண்டு சுற்று போதும். பிரிக்கும் உளி மெல்லியதாக இருக்கட்டும். அது தின்னும் மரம் அளவுக்கு ரேகை விட்டுப்போகும்.

சிமிழைப் பார்க்கிறவர்கள் மேலே உள்ள வளையத்தையும் குமிழையும்தான் புகழ்வார்கள். கடைசல்காரரின் கைத்திறன் தெரிவது மூடியின் உள்வாயில்.

உட்புறம் என்ன பூசுவது? குங்குமம், சுண்ணாம்பு இரண்டுக்கும் சிமிழ் கேட்கிறார்கள். (கானாடுகாத்தான் வாசகர்)

உள்ளே ஆளி விதை எண்ணெய் வேண்டாம். எப்போதும் மூடிக் கிடக்கும் பொருளுக்குள் அதன் வாடை மாதக்கணக்கில் போகாது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, அதாவது பிரெஞ்சு பாலிஷ், மெல்லிசாக இரண்டு கை பூசினால் குங்குமத்துக்குப் போதும். வெளியே அதன்மேல் தேன்மெழுகு தேய்க்கலாம்.

ஈரச் சுண்ணாம்புக்கு மரச் சிமிழ் செய்து கொடுக்காதீர்கள். சுண்ணாம்பின் காரம் அரக்கைக் கரைத்துவிடும், மரமும் கறுக்கும். நம் பெரியவர்கள் கரண்டகத்தை, அதாவது சுண்ணாம்புச் சிமிழை, பித்தளையிலும் வெள்ளியிலும் செய்தது சும்மா அல்ல.

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்போல் தேக்கிலும் வண்ண அரக்கு ஏற்ற முடியுமா? (பள்ளத்தூர் வாசகி)

ஏற்றலாம், ஆனால் எனக்கு மனம் வராது. அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தும்போது உரசும் சூட்டில் அரக்கு உருகிப் பரவுகிறது. பிறகு தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வருகிறது. நெருக்கமான இழையும் வெளிர் நிறமும் உள்ள வெப்பாலை போன்ற மரம்தான் இதற்கு ஏற்றது. தேக்கின் துளைகள் பெரியவை, எண்ணெயும் உண்டு. அதன் ரேகையை மஞ்சளும் சிவப்பும் போட்டு ஏன் மறைக்க வேண்டும்?

உப்புத்தாள் போட்ட பிறகு அடியில் நட்சத்திரம்போல் வெடிப்பு. ஏன்? (புதுவயல் வாசகர்)

சூடு. சிமிழின் அடி குறுக்குவெட்டு மரம். ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் ஈரம் அங்கே மட்டும் சட்டென்று போய் வெடிக்கும். வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். தாளைப் பிடித்த விரல் சுட்டால் மரமும் சுடுகிறது என்று பொருள்.

ஆயா வைத்திருந்த பர்மா அரக்குப் பெட்டியில் மேற்பூச்சு உரிகிறது. லேத்தில் மாட்டித் தேய்த்துப் புதிதாகப் பூசித் தருவீர்களா? (கோட்டையூர் வாசகி)

மாட்டேன், வேறு யாரிடமும் அப்படிக் கொடுத்துவிடாதீர்கள். பர்மாவின் பாகன் ஊர்ப் பக்கத்து அரக்குப் பெட்டிகள் பெரும்பாலும் கடைந்த மரமே அல்ல. மூங்கில் சிம்பில் முடைந்த கூட்டின்மேல், தித்சி என்ற மரத்தின் பாலை அடுக்கடுக்காகப் பூசி, ஈரக் காற்றுள்ள நிலவறையில் இறுகவிட்டுச் செய்கிறார்கள். நம் அரக்கு பூச்சி தருவது. அது வேறு, இது வேறு. லேத்தில் பொருளைப் பிடிக்கும் சக்கில் இறுக்கினால் கூடு நசுங்கும். வறண்ட மென்மையான துணியால் தூசியைத் துடைத்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். உரிந்த சில்லுகளை ஒரு உறையில் போட்டுப் பெட்டியோடு வையுங்கள். பழம்பொருள் சீரமைக்கத் தெரிந்தவருக்கு அவை உதவும்.

கல்லூரியில் படிக்கிறேன். கடைசல் கற்க ஆசை. எந்த மரத்தில் தொடங்கட்டும்? (காரைக்குடி மாணவி)

பூவரசில் தொடங்கம்மா. உளிக்கு இணங்கும், ரேகையும் அழகு. முதல் சில மாதம் மூடியே வேண்டாம். பம்பரமும் பூரிக்கட்டையும் கடைந்து கையைப் பழக்கு. துப்பட்டா, தொளதொளப்பான சட்டைக் கை, வளையல், கழுத்துச் சங்கிலி எதுவும் லேத் அருகே கூடாது. பின்னலைக் கொண்டையாக முடிந்துகொள். கையுறையும் போடாதே, சுழலும் மரம் கையுறையோடு விரலையும் இழுத்துவிடும். முகக்கவசம் மட்டும் கட்டாயம்: மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. உப்புத்தாள் போடும்போது பறக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் மிக மோசம். லேத் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கவசத்தைக் கழற்றாதே.