பென்டிரைவோடு போன வால்பேப்பர்: லினக்ஸ் கேள்வி-பதில்

பென்டிரைவிலிருந்த படத்தை வால்பேப்பராக வைத்தேன். மறுநாள் படத்தைக் காணவில்லை. (பென்னாகரம்)

எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன் போன்ற மேசைச்சூழல்கள் (லினக்ஸ் இயங்குதளத்துக்குத் திரைத்தோற்றம் தரும் மென்பொருள்கள்) படத்தை நகலெடுத்து வைத்துக்கொள்வதில்லை. அது இருக்கும் பாதையை மட்டும் குறித்துக்கொள்கின்றன. பென்டிரைவைக் கழற்றினால் படமும் உடன் போய்விடும். முதலில் உங்கள் வீட்டு அடைவிலுள்ள (உங்கள் பெயரிலுள்ள 'ஹோம்' கோப்புறை) படங்கள் கோப்புறைக்குள் நகலெடுத்து, அங்கிருந்து தேர்ந்தெடுங்கள்.

லினக்ஸில் வால்பேப்பர் மாறவில்லை. என்ன செய்வது? (காவேரிப்பட்டினம்)

எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்த மேசைச்சூழல் என்ற மூன்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. மாமரத்தில் பூச்சி என்று மட்டும் சொன்னால் மருந்துக்கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்? விவரத்தோடு மீண்டும் எழுதுங்கள்.

உபுண்டு 22.04. முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரம்) வால்பேப்பரை மாற்ற ஜிசெட்டிங்ஸ் கட்டளை கொடுத்தேன். பிழைச்செய்தி இல்லை, படமும் மாறவில்லை. (ஓசூர்)

இப்படித்தான் கேட்க வேண்டும். நீங்கள் இருண்ட தோற்றத்தில் இருப்பீர்கள். உபுண்டுவின் மேசைச்சூழலான க்னோமில், 2022-இல் வந்த 42-ஆம் பதிப்பு முதல் வெளிர் தோற்றத்துக்கு ஒரு படம், இருண்ட தோற்றத்துக்கு ஒரு படம் எனத் தனித்தனி அமைப்புகள் உள்ளன. நீங்கள் வெளிர் தோற்றத்தின் படத்தை மட்டும் மாற்றியிருப்பீர்கள். இருண்ட தோற்றத்துக்குரிய 'பிக்சர்-யூஆர்ஐ-டார்க்' என்ற அமைப்புக்கும் அதே படத்தைக் கொடுங்கள்.

ஒகேனக்கல் அருவிப் படம் கைப்பேசியில் தெளிவாக இருக்கிறது, கணினியில் மங்குகிறது. (தருமபுரி)

வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் மூலப்படம் அப்படியே வரும். நெடுக்காக எடுத்த படமென்றால் அகலத் திரைக்கு எப்படியும் பொருந்தாது.

எங்கள் கணினிக்கூடத்தில் எல்லாப் பயனருக்கும் ஒரே படம் வேண்டும் என்பதற்காக, யாரோ சொன்னபடி வால்பேப்பர்கள் இருக்கும் பேக்கிரவுண்ட்ஸ் கோப்புறைக்கு 777 அனுமதி (யாரும் படிக்கலாம், மாற்றலாம்) கொடுத்தோம். சரிதானே? (பாலக்கோடு)

சரியில்லை. இந்த 777-ஐப் பரப்பியவர்கள் எத்தனை கணினிகளைக் கெடுத்தார்கள் என்று எண்ணி மாளாது. வால்பேப்பர் எல்லோர் கண்ணிலும் பட, எல்லோரும் அதைப் படிக்க முடிந்தால் போதும். படத்துக்கு 644, கோப்புறைக்கு 755 தாராளம்; இரண்டிலும் உரிமையாளர் மட்டுமே மாற்றலாம், மற்றவர்கள் படிக்கலாம். 777 என்றால் அந்தக் கூடத்துக்கு வரும் எந்த மாணவரும் படத்தை அழிக்கலாம், அதே பெயரில் வேறொன்றை வைக்கலாம். இதைவிடப் பெரிய ஆபத்து தட்டச்சில் இருக்கிறது. உள்கோப்புறைகள் அனைத்துக்குமாக அனுமதியை மாற்றும் கட்டளையைச் சூடோவோடு (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) தட்டும்போது கோப்புறைப் பாதையின் முதல் சாய்கோட்டை (/) அடுத்து ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், தனிச் சாய்கோடு மொத்தக் கணினியையும் குறிப்பதால், மொத்தக் கணினியின் அனுமதிகளும் மாறிவிடும். சூடோவுக்குரிய சிறப்பு அனுமதியும் அதில் அழிவதால், தவற்றைச் சரிசெய்யச் சூடோவே உதவாது. என்னிடம் அப்படி வந்த ஒரு கணினியில் லினக்ஸை மறுபடி நிறுவுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. உங்கள் ஒருவருக்கான படம் என்றால் சூடோ வேண்டவே வேண்டாம். வீட்டு அடைவே போதும் என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

படங்கள் அரைமணிக்கு ஒருமுறை தானாக மாற வேண்டும். (கிருஷ்ணகிரி)

எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன், கேடிஇ மூன்றிலும் பின்னணி அமைப்புகளிலேயே அந்த வசதி இருக்கிறது. க்னோமுக்கு வெரைட்டி என்ற செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். படங்கள் இருக்கும் கோப்புறை பென்டிரைவில் இருக்கக்கூடாது.

எக்ஸ்எஃப்சிஇயில் இரண்டு திரைகள். ஒன்றில் மட்டுமே படம் மாறுகிறது. (ஊத்தங்கரை)

பின்னணி அமைப்புச் சாளரத்தை இரண்டாவது திரைக்கு இழுத்துச் சென்று, அங்கே படத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சாளரம் எந்தத் திரையில் நிற்கிறதோ அந்தத் திரைக்குத்தான் படத்தை மாற்றும்.