தரங்கம்பாடிக்கு அரை நாள் போதுமா?

காரைக்கால் போகிற வழியில் தரங்கம்பாடியில் இறங்கினால் அரை நாளில் என்ன பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அரை நாள் போதும், ஆனால் காலையிலேயே வந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கோட்டை முற்றத்து மணல் கொதிக்கும்.

1792ல் கட்டிய நகரவாசல் வழியாக நடந்தே உள்ளே வாருங்கள். ராஜவீதியில் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1718ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. அவர் கல்லறையும் அதற்குள்தான். அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ல் அச்சாகி முடிந்தது இந்த ஊரில். தமிழ் படிக்கிற யாரும் அந்தக் கல்லறை முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

வீதி முடிகிற இடத்தில் டேனிஷ் கோட்டை. தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்காரர்கள் 1620ல் எழுப்பியது. உள்ளே அருங்காட்சியகத்தை வேகமாகப் பார்த்தாலும் பரவாயில்லை; மேல்தளத்தில் கடல்காற்று வாங்கத் தவறாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கரையில் கிடக்கும் கற்களைக் குனிந்து பாருங்கள், உப்பு அரித்துச் சொரசொரப்பாக இருக்கும். அவற்றின் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், தயவுசெய்து.